மூன்று நாள் இருட்டு

அத்தியாயம் 14

மீன் தொட்டி மறுபடியும் பச்சை.

ஞாயிற்றுக்கிழமைதான் நான்கு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தாள். கண்ணாடியைச் சுரண்டி, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பழைய பல் பிரஷ்ஷால் உரசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்று வியாழக்கிழமை. கண்ணாடியில் பாசி. கற்களில் பாசி. காற்றுக் குழாய்க்குக்கூடத் தாடி முளைத்திருந்தது.

"சனியனே!" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

உள்ளே, டேங்க் கிளீனர் என்று நம்பி வாங்கிவந்த மீன் மூலையில் வயிற்றைப் பதித்துப் படுத்திருந்தது. பாசியைத் தின்பதற்காகவே பிறந்த மீனாம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பதுதான் இவளுடைய தொழில். பொது நீச்சல் குளத்தில் பதினோரு வருடமாக நீர்ப் பராமரிப்பு உதவியாளர். குளத்தின் அடியில் ஒரு ஹேர்பின் கிடந்தாலும் கரையில் நின்றபடியே விரல் நீட்டிக் காட்டலாம், அப்படி வைத்திருப்பாள். அங்கே இவளுக்குப் பெயரே குளோரின் அக்கா. அந்தக் குளோரின் அக்காவின் மானத்தை வீட்டில் ஒரு நாலடித் தொட்டி ஏழு வாரமாக வாங்கிக்கொண்டிருந்தது.

வெறும் தொட்டி என்றால் எப்போதோ யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் அதோடு எது பின்னிக் கிடக்கிறது என்பது போன வார அத்தியாயத்தில் வந்த கடிதத்தைப் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. வேறொரு நகரத்தில் மூன்று குளங்களோடு புதிய நீச்சல் வளாகம் திறக்கிறார்கள். அதற்குத் தலைமை நீர்ப் பராமரிப்பாளர் வேலை. மேலதிகாரியின் வேலையையும் தானே செய்துவிட்டு, பாராட்டு மட்டும் அவர் பெயருக்குப் போவதைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, முதன்முதலாகத் தன் பெயருக்கு வந்த வேலை. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை நான்கு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

யோசிக்க வேண்டியது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். மாமனார்.

அவர் ஒன்றும் தடை சொல்லவில்லை, பாவம். "போம்மா, போம்மா" என்று முதலில் குதித்தவரே அவர்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லை. ஒரே மகன் லிப்ட் மெக்கானிக். வாரத்தில் நான்கு நாள் எங்கேயாவது ஒரு கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் இருப்பான். மருமகளும் கிளம்பிவிட்டால் மனிதர் தனியாகத்தான் காலம் தள்ள வேண்டும்.

அதனால், அவள் விண்ணப்பம் போட்ட அன்றே மெக்கானிக் ஒரு பரீட்சை வைத்தான். எங்கோ காலி செய்த அலுவலகத்தில் வேண்டாமென்று விட்டுப் போன தொட்டியைத் தூக்கிவந்து ஹாலில் இறக்கினான். "தண்ணி உன் பொறுப்பு. தீனியும் லைட்டும் அப்பா பொறுப்பு. இதை ஒழுங்கா வச்சுக்கிட்டார்னா தன்னையும் ஒழுங்கா வச்சுப்பார், நீ நிம்மதியா போகலாம்" என்றான்.

அவன் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். இவள்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தொட்டி தெளிந்தால் போகலாம், தெளியாவிட்டால் இல்லை என்று மனசுக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது.

"யாரைம்மா காலங்காத்தால திட்டுற?" டீ டம்ளரோடு மாமனார் வந்து நின்றார்.

"உங்க மீனைத்தான் மாமா. பாருங்க, தொட்டி இருக்கிற லட்சணத்தை!"

அவர் குனிந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "ஏன், நல்லாத்தானே இருக்கு? பளிச்சுன்னு இருக்கே."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பளிச்சுன்னா? உள்ள மீன் இருக்கா இல்லையான்னே தெரியல மாமா!"

"அதுங்க பாட்டுக்கு இருக்கும், விடு. நாலு மணிக்குப் பதில் சொல்லணும்ல, அதைப் பாரு."

தன்னைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தாள். சமாதானம் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். அதுவும் ஏழு ஞாயிற்றுக்கிழமை இடுப்பொடிந்தவளிடம் யாரும் பளிச் என்ற வார்த்தையைப் பேசக் கூடாது.

செருப்பை மாட்டும்போது கைபேசி அடித்தது. வெளியூரிலிருந்து மெக்கானிக்.

"தொட்டி எப்படி இருக்கு?"

"பொண்டாட்டி எப்படி இருக்கான்னு கேட்டுடாதீங்க."

"சரி, நீ எப்படி இருக்க?"

"தொட்டி மாதிரியே இருக்கேன்."

அவன் சிரித்தான். "அதெல்லாம் போட்டுக் குழப்பிக்காத. வரேன்னு சொல்லிடு. அத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஒரு வீட்டை ஓட்ட மாட்டாரா? சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் நான் வந்துடறேன்."

சொல்வது சுலபம். பாசியைச் சுரண்டுகிற கை அவனுடையது இல்லையே.

குளத்திலும் எரிச்சல் விடவில்லை. ஷவரில் தண்ணீர் ஜில்லென்று வருகிறதென்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நீச்சல் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, அதை இவள்தான் விழுங்கிவிட்டது போல ஒரு பெண் பார்த்தாள். போதாக்குறைக்கு மேலதிகாரி வந்து கரையில் நின்றுகொண்டு பெருமூச்சு விட்டார்.

"நீ போயிட்டா இங்க யார் பார்த்துப்பா?"

"பதினோரு வருஷமா நீங்கதான் பார்த்துக்கறதா ரிப்போர்ட்ல எழுதறீங்களே சார். அப்படியே பார்த்துக்கோங்க."

சொன்னபிறகு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பன்னிரண்டு மணிக்குக் குளத்தை மூடினார்கள். இரண்டு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கிளம்பினாள்.

தையல் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் வளர்ப்பு மீன் கடை. கடைக்காரர் முழங்கைவரை ஈரத்தோடு நின்றிருந்தார்.

"மறுபடியுமா?" என்றார் அவளைப் பார்த்ததும்.

"பாசி மருந்து குடுங்க. இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா."

"மருந்து கிடக்கட்டும். ஃபில்டர் பஞ்சை எதுல கழுவறீங்க?"

"குழாய்த் தண்ணியில. வெள்ளையாகுற வரைக்கும் பிழிவேன். அப்புறம் குளோரின்ல ஒரு முக்கு முக்கி..."

கடைக்காரர் ஈரக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா! மீனோட கழிவைத் தின்னு தண்ணியச் சரி பண்ற கிருமி அந்தப் பஞ்சுலதான் இருக்கு. வாராவாரம் அதைக் குடும்பத்தோட கொன்னுட்டு, பாசி வருது பாசி வருதுன்னு என்கிட்ட வந்து நிக்கறீங்களே!"

"அப்போ அழுக்கை அப்படியே விடச் சொல்றீங்களா?"

"கொஞ்சம் விடத்தான் வேணும். இது நீச்சல் குளம் இல்லக்கா, இதுக்குள்ள குடித்தனம் நடக்குது. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணி மாத்தினா போதும். எடுத்த தண்ணியிலயே பஞ்சை லேசா அலசுங்க. அவ்வளவுதான்."

கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும் என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் இவர். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஏழு வாரமாகத் தன் கையாலேயே தொட்டியைக் கெடுத்திருக்கிறாள். அதுவும் கெட்டிக்காரத்தனமாக.

கைபேசியில் எடுத்துவந்த படத்தைக் காட்டினாள். கடைக்காரர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஜன்னல் வெயில் படுதா?"

"ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். பகல்லயே ஹால் இருட்டு."

"லைட் எத்தனை மணி நேரம்?"

"ஆறு. கூடக் குறைய ஆகக் கூடாதுன்னு நானே டைமர் வச்சிருக்கேன்."

"ஆறு மணி நேரத்துக்கு இவ்வளவு வராது. இது பதினாலு மணி நேரம் எரியற தொட்டி. அடியில பாருங்க, தின்னாத தீனி குவிஞ்சு கிடக்கு. நீங்க பண்ணது பாதிதான்க்கா. மீதியை வீட்ல வேற யாரோ பண்றாங்க."

"வீட்ல எங்க மாமா மட்டும்தான் இருப்பார்."

"அப்போ அவர்கிட்ட பேசுங்க. இன்னைலேருந்து மூணு நாள் தொட்டியப் போர்வை போட்டு மூடிடுங்க. லைட்டும் கிடையாது, தீனியும் கிடையாது. மீனுக்கு ஒண்ணும் ஆகாது, பாசிதான் சாகும்." மருந்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு நடந்த பத்து நிமிடமும் அவள் மனசுக்குள் மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். பளிச்சுன்னு இருக்காம்! இவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து டைமரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மருமகள் சுரண்டுவதை வாராவாரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். இதைத் தன் அப்பா செய்திருந்தால் வாசலிலேயே கத்தியிருப்பாள். மாமனார் என்பதால் உள்ளே போய்க் கத்தலாம் என்று முடிவு செய்தாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. சத்தமில்லாமல் திறந்தாள்.

டைமர் கழற்றப்பட்டு அலமாரி மேல் கிடந்தது. தொட்டி விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது. அதை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, ஸ்டூலைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். கையில் மாத்திரை அட்டை. அதை விளக்குக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அட்டையைக் கீழே வைத்தார். தடவித் தீனி டப்பாவை எடுத்தார். ஒரு சிட்டிகை தூவினார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு சிட்டிகை. மறுபடியும் பார்த்தார். மூன்றாவது. நான்காவது.

"மாமா!"

டப்பா கை தவறித் தரையில் உருண்டது.

"வந்துட்டியா? மணி நாலாயிடுச்சா?"

அவருக்கு நேர் எதிரே சுவரில் தட்டு அகலத்துக்குக் கடிகாரம் இருந்தது. மணி ஒன்று.

அவள் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. "டைமரை எதுக்குப் பிடுங்கினீங்க? ஏழு ஞாயித்துக்கிழமை மாமா! மனுஷி முதுகு உடையத் தேய்க்கிறா, நீங்க பகல் முழுக்க லைட்டைப் போட்டுப் பாசி வளர்க்கறீங்களா? இப்ப மட்டும் நாலு தடவை தீனி போட்டீங்க. நின்னு எண்ணினேன்!"

"நாலா?" என்றார். உண்மையாகவே கேட்டார். "விழுந்துச்சா இல்லையான்னு தெரியலம்மா. அதான் இன்னொரு தடவை போட்டேன்."

அவளுடைய கோபம் அப்படியே நின்றது. அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னைப் பாருங்க."

பார்த்தார். அவருடைய பார்வை அவள் காதைத் தாண்டி எங்கோ இருந்தது.

"நேரா பாருங்க மாமா."

"நேரா பார்த்தா நீ இல்லம்மா" என்றார். "கொஞ்சம் தள்ளிப் பார்த்தா இருக்க."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஆறு மாதமாக இப்படி. பார்வைக்கு நடுவில் ஒரு கறை. வலது கண்ணில் முழுசாக மூடிவிட்டது, இடது கண்ணில் பாதி. ஓரம் மட்டும் தெரிகிறது. நடமாட முடிகிறது, டீ போட முடிகிறது. எழுத்தும் நிறமும்தான் பிடிபடவில்லை. ட்யூப்லைட் உயரத்தில் இருப்பதால் பத்தவில்லை. முகத்துக்கு நேராக வருகிற வெளிச்சம் இந்த வீட்டில் தொட்டி விளக்கு ஒன்றுதான்.

"ஒரு டேபிள் லைட் வேணும்னு கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பே."

"டாக்டர்கிட்ட?"

"தனியா போயிட்டு வந்தேன். மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி போடணும்னார். ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் கட்டாயம் வரணும்னார். விட்டா இதுவும் போயிடுமாம்." தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "அப்பதான் நீ அந்த வேலைக்கு எழுதிப் போட்ட. நான் வாயைத் திறந்தா நீ போக மாட்டே."

அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெரியவில்லை.

"உங்களை யார் மாமா எனக்காகக் கண்ணைக் குடுக்கச் சொன்னது? இப்பவே அவர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லாதம்மா. நீ போய் அங்க வேலையில சேர்ந்ததும் நானே அவன்கிட்ட சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்." அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உனக்கு நாலு மணிதான் முக்கியம். கடையில என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு."

சொன்னாள். பஞ்சு, கால்வாசித் தண்ணீர், மூன்று நாள் இருட்டு.

"மூணு நாள்தானே?" அவரே உள்ளே போய்ப் போர்வையைக் கொண்டுவந்தார். அவரே விளக்கை அணைத்தார். தொட்டிமேல் போர்வையை விரித்தார். ஒரு மூலை மூடாமல் நின்றது. அது அவருக்குத் தெரியவில்லை. அவள் இழுத்துச் சரி செய்தாள். ஹால் சட்டென்று மங்கியது. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பார்த்தியா, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார்.

இரண்டு மணிக்குக் குளத்துக்குத் திரும்பினாள். தண்ணீரைச் சோதித்தாள், பதிவேட்டில் எழுதினாள், எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். கணவனை அழைக்கக் கைபேசியை மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் பையில் போட்டாள். போகாதே என்று யாராவது சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். போ, போ என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

சரியாக நான்கு மணிக்குப் புதிய வளாகத்திலிருந்து அழைத்தார்கள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? உங்களுக்கு அடுத்து ஒருத்தர் காத்திருக்கார். அதான் இன்னைக்கே தெரியணும்."

அவள் குளத்தைப் பார்த்தாள். அடிவரை தெளிவாக இருந்தது. அதை அப்படி வைத்தது அவள்.

"வரேன்" என்றாள்.

சொன்ன மறுநிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம், சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு அவள் வீட்டுப் படி ஏறும்போதே பின்னால் மெக்கானிக்கின் குரல் கேட்டது. தோளில் கருவிப் பை, சட்டையில் கிரீஸ், முகம் நிறையச் சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள். மாமனார் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹாலில் யாரும் விளக்குப் போட்டிருக்கவில்லை.

"தொட்டிக்கு என்ன, குளிர் ஜுரமா? இப்படிப் போர்த்தி வச்சிருக்க?"

"மூணு நாள் இருட்டுல வைக்கணுமாம். பாசி போயிடுமாம்."

"அப்பாடா, ஒரு வழியா! அங்க பதில் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வரேன்னுட்டேன்."

"சபாஷ்!" பையைத் தரையில் போட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். கீழ நிக்குது. கூட வேலை செய்யறவர் ஸ்கூட்டரை வித்தார், வாங்கிட்டேன். இவ போனப்புறம் கடைகண்ணிக்குப் போகணும்னா நீங்க யார் கையையும் எதிர்பார்க்க வேணாம். டிரைவர் சார் மறுபடியும் டியூட்டி! இந்தாங்க."

சாவியை ஆட்டிக் காட்டி நீட்டினான்.

மாமனார் எழுந்தார். நன்றாகவே சிரித்தார். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றபடி கையை நீட்டினார். சாவி இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கை போனது. மூடியது. திறந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

அவள் அசையவில்லை. விளக்கு ஸ்விட்ச் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. சாவியைச் சத்தமில்லாமல் இடது பக்கம் நகர்த்தினான். அப்பாவின் முகம் பழைய இடத்தைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தது.

"ஹால் இருட்டா இருக்குடா" என்றார் அவர் அவசரமாக. "தொட்டிய மூடினதுல இருந்து எனக்கு ஒண்ணும்..."

மகன் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. மாமனாரும் அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானம் ஒரு மணிக்குத் தெரியும்" என்றாள். "நாலு மணிக்கு, வரேன்னு சொன்னேன்."